சுவரோரமாக மேற்கே போன நோய்

நியூகாசிலில் டைன் ஆற்றின் வடகரையைப் பிடித்து மேற்கே நடந்தால் அரை நாளில் ஹெடன்-ஆன்-தி-வால் என்ற ஊர் வந்துவிடும். நியூபர்ன் வரை ஆறு கூடவே வருகிறது. அதன்பின் பாதை ஆற்றை விட்டு விலகி, ஒரு கோல்ஃப் மைதானத்தின் ஓரமாக மேடேறுகிறது. மூச்சு வாங்க மேலே வந்து நின்றால் சாம்பல் நிறக் கல்வீடுகளும், மேட்டின்மேல் பழைய தேவாலயமும், ஊர் எல்லையில் புல்வெளிக்கு நடுவே சுமார் நூறு மீட்டர் நீளத்துக்கு ரோமானியர் கட்டிய சுவரும் தெரிகின்றன. கி.பி. 122-இல் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் தொடங்கிய சுவர் அது. கிழக்குக் கடல்பக்கம் டைன் முகத்துவாரத்தருகே தொடங்கி மேற்கே சால்வே கழிமுகம் வரை 117 கிலோமீட்டர் ஓடியது. இன்று பல இடங்களில் மண்மேடாகவும் சில இடங்களில் வெறும் பெயராகவும் மிஞ்சியிருக்கிறது. ஹெடனில் அகலமான பழைய சுவரைத் தொட்டுப் பார்க்க முடிகிறது.

நடைப்பயணிகள் சுவரைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நான் வந்த காரணம் வேறு. இந்த ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு பன்றிப் பண்ணையிலிருந்துதான் 2001-இல் பிரிட்டனைப் புரட்டிப்போட்ட கோமாரி நோய் கிளம்பியது. பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பர் கடைசிக்குள் 2,026 இடங்களில் நோய் உறுதியானது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகள் கொல்லப்பட்டன. கால்நடை மருத்துவம் படித்தவன் என்பதால் இந்த எண்கள் எனக்குப் புதியவை அல்ல. நோய் போன ஊர்களை ஒரு நாள் வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோதுதான் மலைத்துப்போனேன். ஹெடன், பான்ட்லாண்ட், ஹெக்ஸம், லாங்டவுன், கடைசியில் கார்லைலுக்கு அப்பால் கிரேட் ஆர்ட்டன். சுவர் எப்படிக் கிழக்கிலிருந்து மேற்கே போகிறதோ, ஏறக்குறைய அதே போக்கில் நோயும் போயிருந்தது. அந்த வழியைக் காலால் நடந்தும் பஸ்ஸிலும் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

நம்மூரில் கோமாரி என்றால் மாடுதான் கண்முன் வரும். வாயில் எச்சில் நூலாக வடிய, தீவனத்தைத் தொடாமல், காலை உதறிக்கொண்டு நிற்கும் கறவை மாடு. பன்றியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நகரங்களின் ஓரத்தில் ஓட்டல் மிச்சத்தை வாங்கிப் போட்டுப் பன்றி வளர்ப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பட்டிக்குள் இந்த நோய் எப்படி வளர்கிறது என்பதைச் சொல்லித்தர ஆளில்லை. ஹெடனில் நடந்ததைத் தமிழில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

பண்ணை இருந்த இடத்தை நான் தேடிப் போகவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது ஆறாத பேச்சு. வழிப்போக்கன் போய்க் கிளற வேண்டியதில்லை. தேவாலயத்து மேட்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பிப்ரவரியில் இங்கே என்ன நடந்திருக்கும் என்று படித்ததையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

பண்ணையில் சுமார் ஐந்நூறு பன்றிகள் இருந்தன. நியூகாசில் பக்கத்து உணவகங்களிலும் சமையல்கூடங்களிலும் மிஞ்சியது அவற்றுக்குத் தீனி. அது அப்போது சட்டப்படி சரியான வழக்கம்தான். ஒரே நிபந்தனை, மிச்சத்தை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்த பிறகே போட வேண்டும். இந்த விதிக்குப் பின்னாலும் ஒரு கொப்புள நோய் உண்டு. 1972 டிசம்பரில் ஸ்டாஃபர்ட்ஷயரில் பன்றிகளுக்குக் கொப்புளம் கண்டபோது கோமாரி என்றே முதலில் நினைத்தார்கள். ஆய்வகத்தில் வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. பன்றியை மட்டுமே பிடிக்கும், மாட்டைத் தொடாத பன்றிக் கொப்புள நோய் அது. அதுவும் மிச்சத் தீனி வழியாகவே பரவியது. கொதிக்கவைக்கும் விதி அந்த அனுபவத்திலிருந்து 1973-இல் வந்தது. பட்டியில் நின்று பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு இரண்டு நோயும் ஒன்றுதான். மூக்கிலும் குளம்பிலும் ஒரே மாதிரிக் கொப்புளம். சர்ரி மாவட்டத்தின் பிர்பிரைட் ஆய்வகத்துக்குக் கொப்புளத்தின் தோலையும் நீரையும் அனுப்பித்தான் பிரித்தறிய முடியும். அதனால் பன்றிக்குக் கொப்புளம் என்றால் கோமாரி என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்.

2001-இல் பிர்பிரைட்டில் கண்ட வைரஸ் ஓ வகையைச் சேர்ந்தது. அதில் பான்ஆசியா என்று பெயர் பெற்ற கிளை. இந்தக் கிளை முதலில் அடையாளம் காணப்பட்டது இந்தியாவில், 1990-இல். அங்கிருந்து மேற்கே அரேபியா வரையிலும் கிழக்கே சீனா, தைவான், கொரியா, ஜப்பான் வரையிலும் பத்தாண்டுகளில் பரவியது. 2000-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தலைகாட்டியது. அங்கேயும் தொடக்கம் பன்றிதான். துறைமுகத்துக்கு வந்த கப்பலின் உணவு மிச்சத்தை அவற்றுக்குப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு இங்கே. எந்த நாட்டிலிருந்து, எந்தப் பொட்டலத்தில் ஹெடனுக்கு வந்தது என்பது கடைசி வரை நிறுவப்படவில்லை. நிறுவப்படாத இடத்தில் வதந்தி புகுந்தது. சீன உணவகம் ஒன்றின் மிச்சம்தான் காரணம் என்று செய்தித்தாள்கள் எழுத, சீன உணவகங்களுக்குப் போவதையே மக்கள் நிறுத்தினார்கள். அந்த ஏப்ரலில் சீன வம்சாவளியினர் லண்டனில் ஊர்வலம் போனார்கள். வேளாண்மை அமைச்சர் நிக் பிரவுன் அவர்களைச் சந்தித்து, அப்படி ஓர் ஆதாரமும் இல்லை என்று சொன்னார். அந்தச் சமூகத்துக்கு நேர்ந்த அநியாயத்தை இந்த நோயின் கதையில் அடிக்குறிப்பாக வைத்துவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. நோய் வந்தால் அயலாரைக் கைகாட்டுவது எல்லா ஊரிலும் நடப்பது. அப்படிக் கைகாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அடுத்த பட்டிக்கு நோய் போகிறது.

கறிக்குள் இந்த வைரஸ் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது? விலங்கை அறுத்தபின் சதை புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு கோமாரி வைரஸைச் சதையில் கொன்றுவிடும். ஆனால் எலும்பின் ஊனுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் புளிப்பு எட்டுவதில்லை. உப்புக் கண்டமோ எலும்போடு கூடிய துண்டோ ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, தட்டில் மிஞ்சி, வேகாமலேயே தொட்டியில் விழலாம். பன்றி எலும்பை விடாது. கடித்து நொறுக்கும்போது வாயில் சிறு கீறல்கள் விழும். காற்று வழியாக ஒரு பன்றிக்கு நோய் வர ஏராளமான வைரஸ் வேண்டும். அந்த விஷயத்தில் மாட்டைவிடப் பன்றி உறுதியானது. ஆனால் வாய் வழி அதற்குத் திறந்த கதவு.

உள்ளே போன வைரஸ் முதலில் தொண்டையில், மேலண்ணத்தின் பின்புறத்து டான்சில் திசுக்களை மூடியிருக்கும் மேல்தோலில் குடியேறுகிறது. ஒரு செல்லுக்குள் புகுந்து, சில மணி நேரத்தில் தன்னைப்போல் ஆயிரக்கணக்கில் அச்சடித்துக்கொண்டு, செல்லை உடைத்து வெளியே வந்து அடுத்ததைப் பிடிக்கிறது. இந்த நேரத்தில் பன்றியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தீனி எடுக்கும், சேற்றில் புரளும், தொட்டிக்கு முண்டியடிக்கும். இரண்டொரு நாளில் வைரஸ் ரத்தத்தில் ஏறுகிறது. உடம்பு சுடுகிறது, 40 டிகிரியைத் தாண்டும். பன்றி மந்தமாகி, வைக்கோலுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளும். பிப்ரவரிக் குளிரில் இதைப் பார்க்கிறவர் குளிருக்குத்தான் இப்படிப் படுக்கின்றன என்று நினைத்துப் போய்விட முடியும்.

ரத்தத்தில் ஏறிய வைரஸ் உடம்பெங்கும் போனாலும் எல்லாத் தோலிலும் கொப்புளம் வருவதில்லை. மூக்குத் தட்டின் மேல் விளிம்பு, நாக்கு, உதடு, குளம்புக்கும் தோலுக்கும் நடுவே உள்ள பட்டை, குளம்பிடுக்கு, குதித்திண்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயின் காம்பு. ரோமம் இல்லாத, தேயும், அழுந்தும் இடங்கள் இவை. நெடுந்தூரம் நடப்பவனுக்குக் குதிகாலில் கொப்புளம் வருவதும் இப்படிப்பட்ட இடத்தில்தான், ஆனால் அங்கே உராய்வு ஒன்றே வேலை முழுவதையும் செய்கிறது. பன்றியிடம் வைரஸ் மேல்தோலின் நடு அடுக்குச் செல்களை ஊதவைத்து ஒன்றோடொன்று பிடிவிடச் செய்கிறது. இடைவெளியில் நீர் சேர்கிறது. அழுத்தமும் உராய்வும் மீதியை முடிக்கின்றன. முதலில் அந்த இடம் வெளுக்கும். பிறகு வெளிறிய கொப்புளம் எழும். மூக்கில் வந்தது மண்ணைக் கிளறும்போதே கிழிந்துவிடும். ஒரு நாள், இரண்டு நாள். அதற்குள் பெரும்பாலும் எல்லாம் உடைந்து, சிவந்த பச்சைப்புண் மட்டும் மிஞ்சும். முழுக் கொப்புளத்தைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

மாடு வாயால் நோயைச் சொல்கிறது என்றால் பன்றி காலால் சொல்கிறது. நூறு, நூற்றைம்பது கிலோ உடம்பை அந்தச் சிறிய குளம்புகள் தாங்க வேண்டும். சிமென்ட் தரையில் காலை வைக்கமுடியாமல் முதுகை வளைத்து, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைக்கும். வலி கூடினால் முழங்காலில் நடக்கும். பின்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். எழுப்பினால் அலறும். அந்த அலறலைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. குளம்பின் மேற்பட்டையைச் சுற்றி வந்த கொப்புளங்கள் ஒன்றாகச் சேர்ந்தால், குளம்பே கழன்று விழுந்து, அடியில் ரத்தம் கசியும் சதை மட்டும் தரையில் படும். பால்குடிக் குட்டிகளின் கதி இன்னும் மோசம். கொப்புளம் வர அவகாசமே இராது; வைரஸ் இதயத் தசையில் இறங்கி, ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதும் ஒரே இரவில் செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் இதயத்தில் வெளிறிய கோடுகள். அந்தத் தோற்றத்தை வைத்து அதற்குப் புலி இதயம் என்று பெயர்.

பெரிய பன்றிகள் பெரும்பாலும் சாவதில்லை. ஓரிரு வாரத்தில் புண் ஆறும், நடை தேறும். பிழைத்த மாடுகள் சிலவற்றின் தொண்டையில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் தங்குவதுண்டு. பன்றி அதை நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஒரு தடயம் மட்டும் காலில் நிற்கும். கொப்புளம் குளம்பைப் பிரித்த இடத்தில் ஒரு கோடு விழுந்து, குளம்பு வளர வளர அந்தக் கோடு கீழே இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, நோய் எப்போது வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். ஹெடனில் போய்ப் பார்த்த மருத்துவர்கள் இந்த மாதிரிப் பழைய புண்களைத்தான் கண்டார்கள். அந்தப் பட்டியில் நோய் வந்து பல நாட்கள் ஆகியிருந்தன. பிப்ரவரித் தொடக்கத்திலேயே அங்கே வைரஸ் சுழன்றிருக்க வேண்டும் என்பது விசாரணைகளின் முடிவு.

அந்தப் பல நாட்களில் என்ன நடந்தது என்பதுதான் முழுக்கதையும். நோய்பட்ட பன்றி மூச்சிலே வைரஸை வெளியே விடுகிறது. மாடும் விடுகிறது, ஆடும் விடுகிறது; ஆனால் பன்றி விடும் அளவுக்கு அருகில்கூட அவை வருவதில்லை. சில வகை வைரஸ்களில் ஒரு பன்றி ஒரு நாளில் விடுவது ஒரு மாடு விடுவதைப்போல் 3,000 மடங்கு வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். கொப்புளம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நாட்களில்தான் அந்த மூச்சு உச்சத்தில் இருக்கிறது. ஆக, பட்டிக்காரர் முதல் நொண்டலைக் கவனிக்கும் காலை நேரம்தான் ஊரைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம். குளிர்ந்த, ஈரமான, கலக்கமில்லாத காற்றாக இருந்தால் வைரஸ் சாகாமல் தாழ்வாக மிதந்து போகும். 1981 மார்ச்சில் பிரான்சின் பிரிட்டனி கரையில் பன்றிகள் விட்ட மூச்சு கடலைத் தாண்டி சுமார் 250 கிலோமீட்டருக்கு அப்பால் வைட் தீவில் மாடுகளைப் பிடித்தது. ஹெடனிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சில கிலோமீட்டர் வடக்கே, பான்ட்லாண்ட் பக்கம் ஒரு பண்ணையில் ஆடுமாடுகள் இருந்தன. காற்று அந்தப் பக்கம் அடித்தது.

நான் உட்கார்ந்திருந்த மேட்டிலும் காற்றுக்குக் குறைவில்லை. எழுந்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

சுவரை ஒட்டி ஓடும் பஸ்ஸுக்கு ஏடி 122 என்று எண். சுவர் தொடங்கிய ஆண்டையே பஸ்ஸுக்கு எண்ணாக வைத்திருக்கிறார்கள். ஹெக்ஸத்தில் அதற்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். நானும் அதே தொழில் என்றதும் முகம் மலர்ந்தது. எதற்காக வந்தேன் என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே சொன்னார். அந்த வசந்த காலம் முழுவதும் பண்ணை பண்ணையாகப் போனவர். நோய் வந்த விலங்கைக் கொன்றது தன்னைத் தொந்தரவு செய்யவில்லை, அதற்கு அது விடுதலை என்றார். பக்கத்துப் பண்ணை என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு குறையும் இல்லாத, ஈன்று கொண்டிருந்த ஆடுகளை வரிசையாக நிறுத்தியதைத்தான் இன்னமும் ஜீரணிக்க முடியவில்லை என்றார். நோய்கண்ட பண்ணையில் 24 மணி நேரத்துக்குள், ஒட்டியுள்ள பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள் என்று அன்றைய அரசு வைத்த விதி அது. கணிதக்காரர்களின் மாதிரிகளை வைத்து எடுத்த முடிவு. சரியா தவறா என்று இன்றும் துறைக்குள் சண்டை ஓயவில்லை. தடுப்பூசி கையில் இருந்தும் போடாமல் விட்டது தவறு என்பது என் கட்சி. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கண்டுபிடிக்கத் தாமதித்தபின் எந்த வழியும் நல்ல வழியில்லை என்றார். அதை நான் மறுக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹெடனில் இல்லை, அங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, எசெக்ஸ் மாவட்டத்தின் லிட்டில் வார்லியில் உள்ள ஓர் அறுப்புக்கூடத்தில். 2001 பிப்ரவரி 19-ஆம் தேதி அங்கே பணியிலிருந்த அரசுக் கால்நடை மருத்துவர் சில தாய்ப்பன்றிகளின் காலிலும் மூக்கிலும் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். மறுநாள் பிர்பிரைட் உறுதி செய்தது. பன்றிகள் வந்த வழிகளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே போய் 22-ஆம் தேதி ஹெடனை அடைந்தார்கள். 23 மாலை நாடு முழுவதும் கால்நடை நடமாட்டத்துக்குத் தடை. ஹெடன் பண்ணையை நடத்தியவர் நோயை அறிவிக்காதது, மிச்சத்தைக் கொதிக்கவைக்காமல் போட்டது ஆகியவற்றுக்காக மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றவாளியானார். அந்த அறுப்புக்கூடத்து மருத்துவரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பன்றிகள் கண்முன்னால் போகும் இடம் அது. பிரிட்டனில் அதற்கு முன் இருபது ஆண்டுகளாகக் கோமாரியே கிடையாது. படத்தில் மட்டும் பார்த்த ஒன்றைக் குனிந்து பார்த்து, இதுதான் என்று சொல்ல ஒரு மனிதருக்குத் துணிவு வேண்டும்.

அவர் சொன்ன நேரத்துக்குள் மேற்கே எல்லாம் கைமீறியிருந்தது. பான்ட்லாண்ட் பண்ணையிலிருந்து செம்மறி ஆடுகள் பிப்ரவரி 13-ஆம் தேதி ஹெக்ஸம் சந்தைக்குப் போயிருந்தன. செம்மறியிடம் இந்த நோய் பெரும்பாலும் ஒளிந்துகொள்கிறது. லேசான நொண்டல், வாயில் ஒரு சிறு புண், அதுவும் நாலைந்து நாளில் ஆறிவிடும். மந்தையில் சில ஆடுகள் எப்போதும் நொண்டிக்கொண்டுதான் இருக்கும். ஹெக்ஸத்தில் வாங்கிய வியாபாரிகள் ஆடுகளை லாங்டவுன் சந்தைக்கு ஓட்டினார்கள். அங்கிருந்து லாரி லாரியாகத் தெற்கே டெவன் வரையிலும் வடக்கே ஸ்காட்லாந்துக்கும் போயின. தடை வந்த நேரத்தில் குறைந்தது 57 பண்ணைகளில் நோய் ஊன்றியிருந்தது என்று பிறகு கணக்கிட்டார்கள். பன்றி பெருக்கியது, காற்று கொண்டுபோனது, ஆடு மறைத்தது, சந்தை விதைத்தது.

ஹெக்ஸத்துக்கு மேற்கே சுவர் கருங்கல் முகடுகளின்மேல் ஏறி இறங்கிப் போகிறது. ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, ஸ்டீல் ரிக், 2023-இல் வெட்டிச் சாய்க்கப்பட்ட மரத்தின் அடிக்கட்டை நிற்கும் பள்ளம். பயணப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதும் பகுதி. அழகுதான். ஆனால் என் கண் சுவருக்கு இருபுறமும் மேய்ந்த ஆடுகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. 2001 வசந்தத்தில் இந்தப் பாதைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. வாயிலுக்கு வாயில் மருந்தில் நனைத்த வைக்கோல், எச்சரிக்கைப் பலகை. மே 3-ஆம் தேதிக்குத் திட்டமிட்டிருந்த தேர்தலையே ஜூன் 7-க்குத் தள்ளிவைத்தார்கள். விடுதி நடத்தியவர்கள், வழிகாட்டிகள், ஊர் டீக்கடைக்காரர்கள் என்று ஒரு விலங்குகூட வைத்திராதவர்களும் அந்த ஆண்டு நொடித்துப்போனார்கள். மொத்த இழப்பு ஏறக்குறைய 800 கோடி பவுண்டு.

கார்லைலிலிருந்து வடக்கே எல்லையை ஒட்டி எஸ்க் ஆற்றங்கரையில் லாங்டவுன். சந்தை நாள் இல்லாததால் ஊர் வெறிச்சோடியிருந்தது. இரும்புக் கம்பித் தடுப்புகள் வரிசை வரிசையாகக் காலியாக நின்றன. நீண்ட நேரம் நிற்க அங்கே ஒன்றுமில்லை. ஆனால் கம்பிரியா மாவட்டம் முழுவதும் 893 இடங்களில் நோய் உறுதியானதற்கும் இந்தத் தடுப்புகளுக்கும் உள்ள உறவு தெரிந்தபின் சும்மா கடந்து போகவும் முடியவில்லை.

கிரேட் ஆர்ட்டன் கார்லைலுக்குத் தென்மேற்கே. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்று அங்கே கைவிடப்பட்டுக் கிடந்தது. 2001 மார்ச் கடைசியில் ராணுவத்தின் மேற்பார்வையில் அங்கே நீண்ட குழிகள் தோண்டினார்கள். இன்று அந்த இடம் வாட்ச்ட்ரீ இயற்கைக் காப்பகம். பழைய ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்; காற்றாலைகள் சுழல்கின்றன; குளங்களில் வாத்துகள். குழி தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பெரிய பாறை ஒன்றை நினைவுக்கல்லாக நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பலகையில் புதைக்கப்பட்டவற்றின் கணக்கு இருக்கிறது. செம்மறி ஆடுகள் 4,48,508. மாடுகள் 12,085. பன்றிகள் 5,719.

கடைசி எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொடங்கிவைத்ததாக உலகம் சொல்லும் விலங்கு அந்தக் குழியில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. பன்றி ஒன்றும் மறைக்கவில்லை. மூக்கில் காட்டியது, காலில் காட்டியது, எழுந்து நிற்கமுடியாமல் அலறியும் காட்டியது. மூன்று விலங்குகளில் நோயை ஒளிக்கத் தெரியாதது அதுதான். பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததைச் சொல்லவில்லை. அதன் விலை அந்தக் கல்லில் எழுதியிருக்கிறது. பெரும்பகுதி ஆடுகளின் கணக்கில்.

காப்பகத்தில் விசாரித்ததில் சில மைல் தள்ளி ஒரு பெண்மணி சில பன்றிகள் வளர்ப்பதாகச் சொன்னார்கள். தொலைபேசியில் கேட்டேன், வரச் சொன்னார். வாசலிலேயே நிறுத்தி, செருப்பைத் தேய்த்துக் கழுவ மருந்துத் தொட்டியைக் காட்டினார். எந்த நாட்டிலிருந்து வந்தேன், கடைசியாக எப்போது கால்நடையைத் தொட்டேன் என்று கேட்டார். இந்தியா என்றதும் வேலிக்கு இப்பாலேயே நிற்கச் சொன்னார். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். பையில் சாப்பிட ஏதும் வைத்திருக்கிறேனா என்று அடுத்த கேள்வி. ரொட்டித் துண்டு இருந்தது. வெளியே எடுக்கவே வேண்டாம் என்றார். மிச்சத் தீனியை 2001 மே மாதமே பிரிட்டன் தடை செய்துவிட்டது. உணவகத்து மிச்சம் மட்டுமல்ல, வீட்டு அடுப்படி வழியாக வந்த காய்கறித் தோலைக்கூட வளர்ப்புப் பன்றிக்குப் போடுவது குற்றம். 2025 ஜனவரியில் ஜெர்மனியில், பெர்லினுக்குப் பக்கத்தில் நீரெருமைகளுக்குக் கோமாரி வந்தது முதல் தனக்குத் தூக்கம் சரியில்லை என்றார். அந்த வசந்தத்தில் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா என்று பரவியபோது, ஐரோப்பாவிலிருந்து வரும் பயணிகள் பையில் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவர பிரிட்டன் தடை விதித்தது.

சிவப்பு முடியோடு ஒரு தாய்ப்பன்றி வேலியோரம் வந்து படுத்தது. அவர் அதன் வயிற்றைச் சொறிந்துகொண்டே முன்காலைத் தூக்கி, குளம்பும் தோலும் சேரும் பட்டையை விரலால் சுற்றித் தடவி எனக்குக் காட்டினார். தினமும் தீனி போடும்போது இதைச் செய்வாராம். மூக்கைப் பார்ப்பார், காம்பைப் பார்ப்பார், நாலு காலையும் பார்ப்பார். நொண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒன்று நொண்டினால் கல் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பேன்; ஒரே காலையில் இரண்டு நொண்டினால் எதையும் தேடமாட்டேன், கதவைப் பூட்டிவிட்டு அரசு மருத்துவரைக் கூப்பிடுவேன் என்றார். அந்தத் தொலைபேசி எண்ணைக் கொட்டகைக் கதவின் உட்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தார்.